இரண்டு கரண்டி கீரை

என் வீட்டுக்காரருக்கு இதயத்தில் செயற்கை வால்வு வைத்த பிறகு, எங்கள் பாளையங்கோட்டை வீட்டில் கீரைக்குத் தடை போட்டவள் நான்தான். கல்லூரியில் உயிர்வேதியியல் நடத்துகிறவள் என்ற திமிர்.

ரத்தத்தை உறையவைக்கும் புரதங்கள் சில, கல்லீரலில் உருவான கையோடு வேலைக்கு ஆகாது. ஒரு நொதி அவற்றில் சில இடங்களில் கார்பாக்சில் என்ற சின்னத் துணுக்கை ஒட்டவேண்டும். அதற்குப் பிறகுதான் அவை கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு ரத்தத்தை உறையவைக்கும். அந்த நொதிக்கு வைட்டமின் கே வேண்டும். அது கீரையில் நிறைய. வால்வில் ரத்தம் கட்டாமலிருக்க இவர் விழுங்கும் மாத்திரை, அந்த வைட்டமினைத்தான் முடக்குகிறது. கீரை கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம், ஒரே அளவாக இருக்கட்டும் என்றார் மருத்துவர். அறவே இல்லாததும் ஒரே அளவுதானே என்று நான் முடிவு கட்டினேன். முருங்கைக்கீரைக்கு உயிரை விடுகிற மனுஷன் மறுபேச்சுப் பேசவில்லை. மாதாமாதம் பரிசோதனையும் சரியாகவே வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

போன ஐப்பசியில் ஒரு காலை, பல் தேய்த்தவருக்கு ஈறில் ரத்தம் நிற்கவே இல்லை. மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு ஓடினேன். பரிசோதித்தால், ரத்தம் உறையும் திறன் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. சாப்பாட்டில் என்ன மாற்றம் என்று மருத்துவர் கேட்டார். ஒன்றுமே இல்லை என்று அடித்துச் சொன்னேன். இவர் தரையைப் பார்த்தார்.

"அக்கா மெட்ராஸ் போயி மூணு வாரமாச்சு," என்றார்.

அடப்பாவி மனுஷா! அடுத்த தெருவில் இருக்கும் தன் அக்கா வீட்டில், காலை நடை போகும் சாக்கில், தினமும் கீரை சாப்பிட்டிருக்கிறார். அந்தக் கீரையோடு சேர்த்துத்தான் மாத்திரையின் அளவே அமைந்திருக்கிறது. மகள் பிரசவத்துக்கு அக்கா போனதும் கீரை நின்றது, மாத்திரையின் கை ஓங்கிவிட்டது. மருத்துவர் மாத்திரையை இரண்டு நாள் நிறுத்தி, பழையபடி கீரை சாப்பிடச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் அந்த அக்காவுக்கு, என் மதினிக்கு, போன் போட்டேன். தினமும் எவ்வளவு கீரை வைப்பீர்கள் என்று கேட்கும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. இரண்டு கரண்டி என்றார். நான் வீட்டில் கீரையை நிறுத்தியது மதினிக்குத் தெரியவே தெரியாது.

"வீட்டுல கீரை கெடையாதான்னு கேட்டேன். 'அவளுக்குக் கீரை உருவ நேரமில்லக்கா, பாவம், காலேசுக்கு ஓடுதா'ன்னு சொன்னான்," என்றார் மதினி.

போனை வைத்துவிட்டு முருங்கைக்கீரை உருவ உட்கார்ந்தேன். அன்று கல்லூரிக்கு நான் போகவில்லை.