சாரல் நாளில் காலியாகக் கிடந்த கட்டில்கள்

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்று நினைக்கிறேன்.

பெரிய டாக்டர் போய்விட்ட செய்தியை எனக்கு யாரும் கூப்பிட்டுச் சொல்லவில்லை. தென்காசி டாக்டர்களின் வாட்ஸ்அப் குழுவில், ஒரு மருந்துக் கம்பெனி விளம்பரத்துக்கும் யாருடைய பேத்தியோ பரிசு வாங்கிய படத்துக்கும் நடுவே அது வந்தது. கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். அவருடைய ஆஸ்பத்திரியில் அவருக்கு அடுத்த அறையில் பல வருடம் உட்கார்ந்திருந்தவன் நான். எனக்கு ஒரு போன் போட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றாதுதான். இந்த ஊரைப் பொறுத்தவரை நான், ஆளில்லாத கட்டிலுக்கு அரசாங்கக் காப்பீட்டில் பில் போட்டவன். அப்படி இல்லை என்று சொல்லியிருக்கக்கூடிய ஒரே மனிதர் அவர். அவர் சொல்லவில்லை. இனி சொல்லவும் முடியாது.

சென்னையில் அறுவை சிகிச்சை படித்துவிட்டு ஊருக்கு வந்த என்னை அவர்தான் அழைத்தார். கத்தி பிடிக்கலாம் என்று போனேன். ஆஸ்பத்திரி காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தபோது அதற்குப் பொறுப்பு மருத்துவராக என்னைப் போட்டார். “நீ நல்லா எழுதுவலே. நான் அறுக்கேன், நீ எழுது” என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அன்றைக்கும் சிரிப்பு வரவில்லை, இன்றைக்கும் வரவில்லை. ஆனால் அவர் அறுக்கும்போது எதிரில் நின்று கைகொடுத்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் இருந்தவரை அந்தக் கை ஒருமுறைகூடத் தடுமாறியதில்லை. இந்த அஞ்சலிப் பக்கத்தில் நீங்கள் எல்லாரும் எழுதியிருக்கிற கைராசி பொய்யில்லை.

அவருடைய கேஸ் ஷீட்டில் தினசரிக் குறிப்பு என்றால் ஒரே ஒரு சொல்தான் இருக்கும்: சுகம். மறுநாள் பக்கத்திலும் சுகம். தணிக்கைக்கு வருகிறவர்கள் நாடி, ரத்த அழுத்தம், காய்ச்சல், தையலின் நிலை எல்லாம் தனித்தனியாகக் கேட்பார்கள் என்றேன். நோயாளி கட்டிலில் இருக்கும் படம் கேட்பார்கள், நாம் அனுமதி வாங்கிய சிகிச்சையும் செய்த சிகிச்சையும் ஒன்றுதானா என்று ஒத்துப் பார்ப்பார்கள் என்றேன். “சுகம்னா அதெல்லாம் சேத்துதானலே” என்றார். நான் விடவில்லை. அடுத்த வாரம் எடுத்துப் பார்த்தால், “சுகம். தையல் சுகம். காய்ச்சல் இல்லாத சுகம்” என்று எழுதிவைத்திருந்தார். நான் உட்கார்ந்து பழைய கேஸ் ஷீட் கட்டுகள் முழுவதையும் பிரித்து, எது இருக்கிறது, எது இல்லை என்று பார்த்தேன். இல்லாததை எழுதிச் சேர்க்கவில்லை. இல்லை என்றே குறித்துவைத்தேன். அதற்குக்கூட அவர், “வீட்டுக்கு ஆளு வரப்போவுதுன்னா கூட்டிப் பெருக்குவாவ. நீ குப்பைக்குப் பேரு எழுதி ஒட்டுத” என்று கிண்டல் செய்தார்.

தணிக்கைக் குழு முன்னறிவிப்பில்லாமல் வரும் என்று தெரிந்ததால் ஓர் ஒத்திகை வைத்தேன். தணிக்கை அதிகாரியாக நடிக்க அவரே முன்வந்தார். திருவேங்கடம் ஊர்ப் பக்கத்திலிருந்து குடலிறக்கத்துக்கு வந்திருந்த சுடலைமுத்துவின் கட்டிலருகே போய், முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, “ஒம் பேரென்ன? எதுக்கு வந்திருக்க?” என்று கேட்டார்.

“என்னியவா கேக்கீய? முந்தாநா நீங்கதான ஐயா வயித்த அறுத்தீய!”

“நானா? நான் இல்லையே.”

“அப்ப நான் ஒங்க தம்பிகிட்டயா அறுத்துக்கிட்டேன்?”

வார்டே சிரித்தது. நர்சுகள் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார்கள். அவர் மட்டும் சிரிக்காமல், இன்னொரு தடவை அவன் பெயரைக் கேட்டார். என்ன நடிப்பு என்று அன்றைக்கு நான் வியந்தேன்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு வழக்கம் இருந்தது, பழைய நோயாளிகளுக்குத் தெரியும். திருவேங்கடம், சங்கரன்கோவில் என்று மழை காணாத ஊர்களிலிருந்து வருகிறவர்கள் சீசன் நேரத்தில் படுத்திருந்தால், தையல் பிரித்த பிறகு வீட்டுக்கு அனுப்பும் முன் ஒரு காலைப் பொழுது அவர்களைக் குற்றாலத்துக்குப் போய்வரச் சொல்வார். “இம்புட்டுத் தூரம் வந்துட்டு அருவியப் பாக்காம போனா ஊர்ல என்னடே கேப்பாவ? தண்ணிக்குள்ள எறங்காண்டாம், சாரல்ல நின்னுட்டு வாங்க” என்பார். நான் அவரிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னேன்: “அண்ணாச்சி, தணிக்கை முடியிற வரைக்கும் ஒருத்தரும் கட்டில விட்டு எறங்கக் கூடாது. கணக்குல உள்நோயாளி, கட்டில்ல ஆளில்லன்னா போலி பில்லுன்னுதான் எழுதுவாவ.” என் தோளில் கை வைத்து, “சரிலே, இந்த வருசம் அருவி அங்கனயே இருக்கட்டும்” என்றார்.

அடுத்த வாரம் நல்ல சாரல். நான் ஒரு திருமண வீட்டில் தலைகாட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது தணிக்கைக் குழு வார்டுக்குள் நின்றுகொண்டிருந்தது. பாதிக் கட்டில்கள் காலி. தலையணைமேல் துண்டு, கீழே செருப்பு, ஒரு கட்டிலில் பாதி தின்ற இட்லி. அவர்கள் ஒவ்வொன்றையும் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். நான் என்னவோ சொல்லத் தொடங்கும்போது வேன் வந்து நின்றது. ஈரத் தலையோடும் கையில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலத்தோடும் சுடலைமுத்து முன்னால் வந்தான்.

“யாரு போகச் சொன்னது?” என்று அதிகாரி கேட்டார்.

“பெரிய டாக்டருதான். காலையில அவியதான வேன் ஏத்திவிட்டாவ.”

குழுவுக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரிய டாக்டரை எல்லாரும் பார்த்தோம். அவர் சுடலைமுத்துவை நிதானமாகப் பார்த்துவிட்டு, “நானா? நான் சொல்லலையே” என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. நோயாளிகளுக்குச் சொல்லிக்கொடுத்துப் பேசவைத்திருக்கிறோம் என்று அவர்கள் எழுதிக்கொண்டார்கள். பொறுப்பு மருத்துவர் கையெழுத்து என்னுடையது. ஆஸ்பத்திரிக்கு எச்சரிக்கையோடு போயிற்று. எந்த ஆஸ்பத்திரியிலும் இந்தத் திட்டத்தில் கையெழுத்திடக் கூடாது என்று என்னை நீக்கினார்கள். திட்டத்தை நம்பித்தான் இங்கே ஆஸ்பத்திரிகள் நடக்கின்றன. அப்புறம் என்னை யார் வைத்துக்கொள்வார்கள்? இப்போது ஒரு மருந்துக்கடையின் பின்னறையில் உட்கார்ந்து காய்ச்சலுக்கும் சளிக்கும் பார்க்கிறேன்.

ஆணை வந்த சில நாளில் அவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை நிறைய மங்குஸ்தான். “ஏலே, ஏன் டியூட்டிக்கு வரல? மேலுக்குச் சுகமில்லையா?” என்று கேட்டார். இப்படியும் ஒரு மனிதன் வந்து வெந்த புண்ணில் வேல் பாய்ச்சுவானா என்று எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கதவைச் சாத்தினேன். கொஞ்ச நேரம் அங்கேயே நின்றிருந்தார். பையை வாசல் கம்பியில் மாட்டிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அவரிடம் நான் பேசவில்லை.

செய்தி பார்த்துத் துக்க வீட்டுக்குப் போனேன். சிலர் நகர்ந்து உட்கார்ந்தார்கள். நான் மதினி என்று அழைக்கும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு, “வந்துட்டியா தம்பி? ஒன்னத்தான் தெனமும் கேப்பாவ. அவன் இன்னுமா டியூட்டிக்கு வரலைன்னு. ஒங்க அண்ணாச்சிக்கு நெனவு தப்பிப் போச்சுன்னு ஒனக்குத் தெரியாதா?” என்றார்.

“எப்பத்துல இருந்து மதினி?”

“எப்பம்னு சொல்லுதது? சாவியத் தேடுனாவ. அது மறதியா சீக்கா? என் பேர மாத்திக் கூப்பிட்டாவ. கிண்டல் பண்ணுதாவன்னு நெனச்சேன். மவன் வந்து கத்திய எடுக்காண்டாம்னு நிறுத்துனது நீ டியூட்டிக்கு வராம நின்னதுக்கு அடுத்த பொங்கலுக்கு.”

“அந்தத் தணிக்கை வந்த சீசன்லயே இருந்துதா?”

“தெரியல தம்பி. சத்தியமா எனக்குத் தெரியல” என்றார்.

அன்றிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. சுடலைமுத்துவின் பெயரை இரண்டாம் தடவை கேட்டது நடிப்பா? அதிகாரிக்கு முன்னால் சொன்னது பொய்யா? ஆஸ்பத்திரியைக் காப்பாற்ற என்னைக் கைகழுவினாரா, அல்லது காலையில் வேனில் ஏற்றிவிட்டது மத்தியானத்துக்குள் அவர் நினைவைவிட்டே போய்விட்டதா? தெரிந்தே சொன்னார் என்றால் நீங்கள் கும்பிடுகிற மனிதர் ஒரு பொய்யர். மறந்துதான் சொன்னார் என்றால், மறதியோடு அவர் எத்தனை பேரை அறுத்தார் என்று ஊர் கேட்கும். என் பெயர் துலங்க வேண்டுமானால் இரண்டில் ஒன்றை நான் உறுதியாகச் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. இத்தனை வருடம் பத்திரமாக வைத்திருந்த கோபத்தை எங்கே கொண்டுபோய் வைப்பதென்றும் தெரியவில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது வாசலில் நின்று கேட்ட அந்தக் கேள்விதான். ஒருநாள் அது எனக்கு நக்கலாகக் கேட்கிறது. மறுநாள், என்னைக் காணாமல் தேடி வந்த ஒரு மனிதரின் குரலாகக் கேட்கிறது. இரண்டையும் வைத்துக்கொள்கிறேன்.

அவர் மகன் திறந்திருக்கும் இந்த அஞ்சலிப் பக்கத்தின் அடியில் ‘உங்கள் பெயர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பெயரைப் போட்டால் இது என் கட்சிக்கான வாதம் ஆகிவிடும். வாதாட என்னிடம் இப்போது கட்சி இல்லை. யார் எழுதியது என்று உங்களில் பலருக்குத் தெரிந்துவிடும், தெரியட்டும். கட்டத்தைக் காலியாக விட்டுப் பதிவிடுகிறேன். ஆளில்லை என்று யாரும் எழுதிக்கொள்ள வேண்டாம். இங்கேதான் இருக்கிறேன், அண்ணாச்சி.