காலரக்காவின் கார்டு

ஆடைத் தொழிற்சாலையில் அவளைக் காலரக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பதினோரு வருஷமாகச் சட்டைகளுக்குக் காலர் மட்டுமே தைத்து வந்தவள். முழுச் சட்டை ஒன்றைத் தைக்கச் சொன்னால் திருதிருவென்று முழிப்பாள். காலரைக் கண்ணை மூடிக்கொண்டு தைப்பாள். புருஷன் போய்ச் சேர்ந்த பிறகு அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். பிள்ளை குட்டி கிடையாது.

சம்பளம் கவரில் வந்த காலம் போய் வங்கிக்கு வரத் தொடங்கியபோது, கணக்குத் திறக்கக் கூட வந்தவர் அண்ணன். பஸ் டிப்போவில் வேலை, விவரம் தெரிந்தவர். படிவத்தில் எழுதியது அவருடைய போன் நம்பர். கார்டு அவர் சட்டைப்பையில் போயிற்று.

"எங்கயாவது தொலைச்சிட்டு நிப்ப. எங்கிட்டயே இருக்கட்டும்."

அவளுக்கும் அதில் நிம்மதிதான். பணம் எடுக்கும் ஏ.டி.எம். மெஷின் முன்னால் நின்று தடுமாறினால், பின்னால் நிற்பவர்கள் உச்சுக்கொட்டுவார்களே என்ற பயம்.

அண்ணன் ஏமாற்றுக்காரர் இல்லை. சம்பளம் விழுந்த அன்றே மொத்தத்தையும் எடுத்துவந்து, வீட்டுச் செலவு போக மீதியைப் பீரோவில் வைப்பார். தன் செலவுக்கு ஒரு காசு தொட்டதில்லை. ஆனால் கேட்டுத்தான் வாங்க வேண்டும். எதற்கு என்று சொல்ல வேண்டும். சிலதை அண்ணனிடம் சொல்ல முடியாது. அண்ணி காதில் போட்டு, அண்ணி அவர் காதில் போட்டு, அது பணமாகி வருவதற்குள் தேவையே தீர்ந்து போயிருக்கும்.

கடைவாய்ப் பல் ஒன்று வலிக்க ஆரம்பித்தது. கேட்டாள்.

"பல்லுக்குன்னு ஒரு தடவை போனா லேசுல விடமாட்டாங்க. கிராம்பு வெச்சுப் பாரு. அடுத்த மாசம் பாக்கலாம்."

அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று ஒன்றரை வருஷம் ஓடியது. ஒரு பக்கமாகவே மென்றாள். வலி மாத்திரையைப் போட்டுக்கொண்டு தைத்தாள். ஒரு மத்தியானம் மாத்திரைக் கிறக்கத்தில் கண் சொருக, தையல் ஊசி ஆள்காட்டி விரல் நகத்தில் இறங்கிவிட்டது. தொழிற்சாலை நர்ஸ் ஊசியை எடுத்துக் கட்டுப் போட்டுவிட்டு, வீங்கியிருந்த கன்னத்தைப் பார்த்தார்.

"விரல் நாலு நாள்ல ஆறிடும். வாயிலதான் சீழ் வெச்சிருக்கு. சம்பளம் வாங்கறீங்கதானே, ஏன் காட்டாம இருக்கீங்க?"

"அண்ணன்கிட்ட கேக்கணும்."

"உங்க பல்லுக்கா?"

நர்ஸ் சாதாரணமாகத்தான் கேட்டார். காலரக்காவால் அன்று முழுக்க அதை விழுங்க முடியவில்லை.

மறுநாள் விரலுக்குக் கிடைத்த விடுப்பில் வங்கிக்குப் போனாள். மேஜையில் ஒரு பெண் அதிகாரி.

"கார்டு எங்கம்மா?"

"அண்ணன்கிட்ட."

"ரகசிய நம்பர் யாருக்குத் தெரியும்?"

"அண்ணனுக்கும் அண்ணிக்கும்."

"உங்களுக்கு?"

காலரக்கா உதட்டைப் பிதுக்கினாள். அதிகாரி சிரிக்கவில்லை. அடையாள அட்டையைச் சரிபார்த்தார், அண்ணன் போன் நம்பரை எடுத்துவிட்டு அவளுடையதைப் போட்டார், பழைய கார்டை நிறுத்திப் புதிதாக ஒன்றைக் கொடுத்தார். கூடவே மெஷின்வரை வந்தார்.

"நான் திரும்பிக்கறேன். நீங்களா ஒரு நம்பர் போடுங்க. எனக்கும் சொல்லாதீங்க."

பத்து நிமிஷம் பிடித்தது. பின்னால் நின்ற இரண்டு பேர் உச்சுக்கொட்டத்தான் செய்தார்கள்.

வீட்டில் சொல்ல நாலு முறை வாயெடுத்து நாலு முறையும் மென்று விழுங்கினாள். சம்பள நாளன்று அண்ணன் முகம் கறுத்து வந்தார்.

"நாலு பேர் பாக்க மெஷின் கார்டைப் பிடுங்கிக்கிச்சு. நான் என்ன திருடனா?"

"அப்படி யாருண்ணே சொன்னா? முன்னாடியே சொல்லாதது என் தப்பு. வீட்டுச் செலவுக்கு உள்ளதை மாசாமாசம் ஒண்ணாந்தேதி உங்க கையில குடுத்துடறேன். கார்டை மட்டும் கேக்காதீங்க."

மூன்று வாரம் அவர் முகங்கொடுத்துப் பேசவில்லை. அதற்குள் பல் டாக்டர் ஒரு பல்லைப் பிடுங்கி, பக்கத்துப் பல்லைக் காப்பாற்றியிருந்தார். ஒன்றரை வருஷத்தில் முதல் முறையாக அவள் விடியும்வரை ஒரே தூக்கமாகத் தூங்கினாள்.

இரண்டாம் மாதம் ஒரு போன் வந்தது. வங்கியிலிருந்து பேசுகிறோம், உங்கள் கணக்கு முடங்கப் போகிறது மேடம், இப்போது உங்கள் போனுக்கு வரும் நம்பரைச் சொல்லுங்கள் மேடம். அதுவரை யாரும் அவளை மேடம் என்று கூப்பிட்டதில்லை. சொல்லிவிட்டாள். பாதிச் சம்பளம் போயிற்று.

இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அண்ணன் சொன்னதுதான் சரியோ என்று தோன்றியது. கார்டைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று அவர் அறைவரை போனாள். அவர் குளித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு, அப்படியே செருப்பை மாட்டிக்கொண்டு வங்கிக்கு நடந்தாள்.

"அன்னைக்கே வந்திருந்தா நிறுத்திப் பாத்திருக்கலாம்" என்று சொல்லி அதிகாரி புகார் எழுதினார். பணம் கடைசிவரை வரவில்லை. யார் கேட்டாலும், வங்கியே கேட்டாலும், அந்த நம்பரைக் கொடுக்கக் கூடாது என்பது மட்டும் மனதில் தைத்து நின்றது.

தொழிற்சாலையில் சாப்பாட்டு வேளையில் அவளே அதைச் சொன்னாள், போனில் வந்த குழைவுக் குரலை அப்படியே எடுத்து. சிரித்ததில் பெண்களுக்குப் புரையேறியது. அடுத்த மாதம் பொத்தான் தைப்பவளுக்கு அதே போன். "மேடமா? அப்படி இங்க யாரும் இல்லையே" என்று வைத்துவிட்டாள்.

அண்ணி வீட்டிலிருந்தே அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு அனுப்புகிறவள். அந்தக் காசும் பீரோவுக்குத்தான் போகும். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்டாள்.

"எனக்கும் ஒரு கணக்கு ஆரம்பிக்கணும்னா என்ன எடுத்துட்டுப் போகணும்? உங்கண்ணனுக்குத் தெரிஞ்சா என்ன சொல்வாரோ?"

"சொல்லிட்டே போங்க அண்ணி. நான் சொல்லாமப் போய்ப் பட்டது போதும்."

அண்ணி அன்றே சொன்னாள். அண்ணன் விரித்திருந்த செய்தித்தாளை மடித்து வைத்தார்.

"ரெண்டு போட்டோ கேப்பாங்க" என்றார் பிறகு. "உங்கிட்ட இருக்கா?"