எங்கள் பள்ளிக்கூடத்தை மூடவிடாத எல்லையம்மா

"செல்வி, நம்ம ஸ்கூலை மூடப் போறாங்கம்மா."

போன புரட்டாசியில் ஹெச்.எம். டீச்சர் இப்படிச் சொன்னபோது எனக்குக் காதே அடைத்துப் போனது. என்ன கேட்டேன், என்ன பேசினேன், ஒன்றும் ஞாபகம் இல்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் ஞாபகம்.

நம் எல்லையம்மா கோயிலுக்கு வெள்ளிக்கிழமை விளக்கு பூஜைக்கு வருகிற அக்கா, தங்கச்சிகளே, நான் எட்டாவது வரைதான் படித்தவள். தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். என் வீட்டுக்காரர் பூந்தமல்லிக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறார். ஒரே மகள் யாழினி, சென்னீர்குப்பத்தில் எங்கள் தெருமுனையில் இருக்கிற அரசாங்கப் பள்ளியில் மூணாவது படிக்கிறாள். அங்கே பெற்றோர் குழுவுக்கு ஒரு அம்மாதான் தலைவியாக இருக்கணுமாம். யாரும் முன்வராததால் என் பேரைப் போட்டார்கள். கூட்டத்தில் டீ ஊற்றிக் கொடுப்பதுதான் அதுவரை நான் செய்த வேலை.

மறுநாள் கல்வித்துறை ஆபீசர் வந்தார். "பசங்க ரொம்பக் கம்மி. இவங்களுக்குத் தனியா டீச்சர் போட கவர்மெண்ட்ல பணம் இல்லம்மா. ஹைவேக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஸ்கூலோட சேர்த்துடுவோம். உங்க பசங்க எல்லாரையும் ஒரே ஷேர் ஆட்டோல ஏத்திடலாம் போல இருக்கே" என்று சிரித்தார்.

என்னை இறக்கிவிட வந்து நின்ற என் வீட்டுக்காரர் சும்மா இருப்பாரா? "ஏத்தலாம் சார், நம்ம வண்டிதான். சவாரிய வுட்டுட்டு டெய்லி இதையே ஓட்டினு இருந்தா என் ஊட்டுல உலை வைக்கிறது யாரு, நீங்களா?"

ஆபீசர் முகம் சுருங்கிவிட்டது. "நவராத்திரி லீவு முடிஞ்சு வருவேன். பசங்களை எண்ணுவேன். கூடலைன்னா மூடச் சொல்லி எழுதிட்டுப் போய்டுவேன்" என்று வண்டியில் ஏறிவிட்டார்.

அன்று சாயங்காலம் யாழினியைக் கூட்டிக்கொண்டு அந்த ஹைவேயைத் தாண்டிப் பார்த்தேன். பாதிதான் போனோம். ஒரு கன்டெய்னர் லாரி ஹாரன்கூட அடிக்காமல் எங்களை உரசிக்கொண்டு போனது. பிள்ளை தோளில் தொங்கிய தண்ணி பாட்டில் அறுந்து சக்கரத்தில் விழுந்தது. பட்டென்று ஒரு சத்தம். அவள் அழக்கூட இல்லை. என் புடவையைப் பிடித்த கையை ராத்திரி தூக்கத்திலும் விடவில்லை. இந்த ரோட்டைத் தினமும் ரெண்டு தடவை என் பிள்ளை தாண்டணுமா? தாயே!

அடுத்த நாளே இன்னும் ரெண்டு அம்மாக்களோடு அந்த ஆபீசர் ஆபீசுக்குப் போனேன். மனு கொடுத்தோம். உட்காரச் சொல்லக்கூட ஆள் இல்லை. வழி ஒன்றுதான். பிள்ளைகளைச் சேர்க்கணும். நம்ம பக்கத்தில்தான் தெரியுமே, விஜயதசமிக்குச் சேர்த்தால்தான் படிப்பு வரும் என்று பல வீட்டில் குழந்தையைக் காத்திருக்க வைப்பார்கள். அந்தக் குழந்தைகளை நம்பி வீடு வீடாக ஏறினேன். "கட்டாயம் வர்றோம்க்கா" என்றார்கள் சிலபேர். ஒருத்தி மட்டும், "இன்னாக்கா, மூடப் போற கடையில வந்து சரக்கு வாங்கச் சொல்றியா?" என்றாள்.

நேராக நம் எல்லையம்மா சந்நிதிக்குத்தான் போனேன். "பிள்ளைகளை நீயே கூட்டிக்கிட்டு வா. எனக்கு வேற ஆள் இல்லை" என்று கேட்டேன். நவராத்திரி முழுக்க ஒருவேளை சாப்பாடுதான்.

விஜயதசமி விடிந்தது. மழை! வானமே பொத்துக்கொண்ட மாதிரி. பள்ளியில் அம்மன் படத்துக்குப் பூ வைத்து, குழந்தைகள் எழுதத் தட்டில் அரிசி பரப்பிவிட்டு, நானும் டீச்சரும் காத்திருந்தோம். ஒருத்தரும் வரவில்லை. வர்றோம் என்ற வீடுகளுக்குப் போன் போட்டால், பலூன் கட்டிய நர்சரி ஸ்கூலுக்குப் போய்விட்டார்களாம். என் கோபம் எல்லையம்மா மேலேயே திரும்பிவிட்டது. "பிள்ளைங்களைக் கேட்டா மழையைக் கொடுக்கிறியே, இதுதான் உன் நியாயமா?" என்று படத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டேன்.

அப்போதுதான் கேட் திறக்கிற சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். தலையில் பிளாஸ்டிக் கவரைப் போட்டுக்கொண்டு ஏழெட்டுப் பெண்கள். ஒவ்வொருத்தி கையிலும் இடுப்பிலும் பிள்ளைகள். குடோன் வேலைக்கு வந்து, அதன் பின்னால் தகர ஷெட்டில் தங்கியிருக்கும் ஒடிசாக்காரர்கள். முன்னால் வந்த சபிதாவுக்குக் கொஞ்சம் தமிழ் தெரியும்.

"அக்கா, வீட்ல தண்ணி வந்துச்சு. மழை நிக்கிற வரைக்கும் இங்க உக்காரலாமா?"

உட்காரச் சொன்னோம். அதற்குள் அவள் மகள் அரிசித் தட்டைப் பார்த்துவிட்டு ஓடிவந்து விரலை வைத்துவிட்டாள். சபிதா அம்மன் படத்தைப் பார்த்தாள். "இன்னிக்கு எங்களுக்கும் மா பூஜை, அம்மன் பூஜை" என்று கையெடுத்துக் கும்பிட்டாள்.

டீச்சர் மெதுவாகக் கேட்டார். "இந்தப் பசங்கல்லாம் எந்த ஸ்கூலும்மா?"

"ஸ்கூல் இல்லை டீச்சர். யாரும் கூப்பிடலை."

அந்த ஷெட்டைத் தாண்டித்தானே நான் வீடு வீடாகப் போனேன்! நான் திட்டிய மழைதான் அவர்களைக் கையைப் பிடித்து எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டிருக்கிறது. அப்படியே தரையில் உட்கார்ந்து ஓவென்று அழுதேன். சபிதா பயந்துபோய், "போயிடவா அக்கா?" என்றாள். அவள் கையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தேன்.

"சர்டிபிகேட்லாம் அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல பசங்க வரட்டும்" என்று டீச்சர் அன்றைக்கே சேர்த்துக்கொண்டார்.

லீவு முடிந்து ஆபீசர் வந்தார். எண்ணினார். நம்பாமல் திரும்ப எண்ணினார். "எங்கேருந்தும்மா கூட்டிட்டு வந்தீங்க?" என்றார். "எங்க எல்லையம்மா கூட்டிட்டு வந்தா சார்" என்றேன். இந்த முறை அவர் சிரிக்கவில்லை. "இந்த வருஷம் மூடலை" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா தங்கச்சிகளே, கேட்டால் அவள் தருகிறாள். எப்படித் தருவாள் என்று மட்டும் நாம் சொல்லிக் கொடுக்கக் கூடாது. அன்றிலிருந்து எனக்கு ஆபீஸ் படி ஏறப் பயமில்லை. யாழினியும் பழையபடி சிரிக்கிறாள். இன்னும் ஒரு டீச்சர் வரவேண்டியிருக்கிறது. பணமில்லை என்றே சொல்கிறார்கள். வருகிற திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு கொடுக்கப் போகிறோம். சபிதாவும் வருகிறாள். உங்கள் தெருப் பள்ளிக்கும் இதே கதி என்றால், அம்மாவைக் கும்பிட்டுவிட்டு நீங்களும் கிளம்பி வாருங்கள். ஆட்டோவில் இடம் போட்டு வைக்கச் சொல்லியிருக்கிறேன்.