முதலாளி வாய் திறக்காத நாள்

வந்தவாசி பஸ் ஸ்டாண்டில், தங்கை மகளின் நிச்சயத்துக்கு வாங்கிய பழக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் செய்தி வந்தது. சாயப்பட்டறை முருகேசன் போனில் பேசினார். "எஸ்தரம்மா, முதலாளி பூட்டாருங்க. காலைல காபி குடிச்சிகினு இருந்தவரு அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். எந்த முதலாளி என்று நான் கேட்கவில்லை. ஆரணியில் தெருவுக்குப் பத்து பட்டு முதலாளிகள் உண்டு. எனக்கும் முருகேசனுக்கும் தனசேகரன் ஒருவர்தான். பழக்கூடையைத் தங்கை வீட்டுக்குக் கொடுத்தனுப்பிவிட்டு ஆரணி பஸ் ஏறினேன்.

அவரிடம் தறி ஓட்டியவர்களும், அவரிடம் திட்டு வாங்கியவர்களும் இதைப் படிப்பீர்கள். இரண்டு பேரும் ஒரே ஆட்கள்தான். அதனால் அவரைப் பெரிய மகானாக்கி உங்கள் முன்னால் நிறுத்த எனக்குத் தைரியம் இல்லை. நல்ல மனிதர். ஆனால் ஒரு வேலையையும் இன்னொருவர் கையில் விடமாட்டார். தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைக் கட்டும் கயிற்றைக்கூட அவரே இழுத்துப் பார்ப்பார். ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் தட்டச்சு செய்துகொண்டிருந்த என்னை, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் "எல்லாத்தையும் நீங்கதான் பாத்துக்கணும்" என்று சொல்லி வேலைக்குச் சேர்த்தார். முதல் ஆறு மாதம் நான் பார்த்தது, அவர் எல்லாவற்றையும் பார்ப்பதைத்தான்.

அவர் வைத்திருந்த வழக்கம் உங்களுக்குத் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். முதலாளி கொடுத்த புதுப் பாவு நூலை நெசவாளர் தன் வீட்டுத் தறியில் ஏற்றி, ஒரு சாண் நெய்துவிட்டு நிறுத்திவிட வேண்டும். முதலாளி வந்து, சேலை உடலின் நிறம், கரையின் நிறம், ஜரிகை எல்லாவற்றையும் பார்த்து "ம், ஓட்டு" என்று சொன்ன பிறகுதான் மேற்கொண்டு நெய்யலாம். இருபது தறி இருந்த காலத்தில் அது நல்ல வழக்கம். காலையில் சைக்கிளை எடுத்தால் மதியத்துக்குள் எல்லா வீட்டையும் பார்த்துவிடுவார். தறி எண்பதானது. சைக்கிள் போய் ஸ்கூட்டர் வந்தது. பார்க்க வேண்டிய ஆள் மட்டும் ஒருவராகவே இருந்தார்.

ஒருநாள் சரோஜா கடைக்கே வந்துவிட்டாள். அவளும் அவள் கணவனும் மாறி மாறித் தறியில் உட்காருபவர்கள். "நாலு நாளா தறி சும்மா கீது முதலாளி. நீங்க வந்து ம்முனு ஒரு வார்த்த சொல்லாம நாங்க இன்னாத்த நெய்றது? பக்கத்துத் தெருவுல கூப்புடறாங்க, போவட்டுமா?" என்று கேட்டாள். அவருக்கு முகம் சிவந்துவிட்டது. "போயேன், யார் வாணான்னாங்க" என்று கத்தினார். அடுத்த நிமிடமே ஸ்கூட்டரை உதைத்து அவள் வீட்டுக்குத்தான் போனார். அந்த ஆண்டு ஒன்பது குடும்பங்கள் வேறு முதலாளிகளிடம் போய்விட்டன. இன்னும் பத்து போயிருந்தால் சென்னைக் கடைகளுக்குச் சொன்ன நாளில் சேலை கொடுக்க முடியாமல் தொழிலே நின்றிருக்கும். அவருக்கு அது தெரியும். தெரிந்தும் விட முடியவில்லை.

அவராக விடவில்லை. நெஞ்சுவலி வந்துதான் விட வைத்தது. வேலூரில் அறுவை சிகிச்சை, இரண்டு மாதம் ஓய்வு என்று டாக்டர் சொல்லிவிட்டார். கிளம்பும் அன்று கடைச் சாவியை என் கையில் கொடுத்தார். "இனிமே தறி பாக்கறது நீங்கதான். நீங்க சொன்னா நான் சொன்ன மாதிரி" என்றார். எனக்குக் கண் கலங்கியது. அசட்டுத்தனம். ஏனென்றால் நான் பார்த்து "ஓட்டுங்க" என்று சொன்ன பிறகும் ஒரு தறியும் ஓடவில்லை. ஒரு வாரம் கழித்துத்தான் முருகேசன் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். "கோச்சிக்காதீங்கம்மா. போறதுக்கு முன்னாடி எங்க எல்லார்கிட்டயும் தனித்தனியா சொல்லிட்டுப் போனாரு. அந்தம்மா சொன்னாலும் எனக்கு ஒரு போன் போட்டுட்டு ஓட்டுங்கன்னு. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா அவர்கிட்ட குடுக்க மாட்டேங்கறாங்க."

அன்றைக்கே வேலூருக்கு பஸ் ஏறினேன். வேலையை விட்டுவிடுகிறேன் என்று சொல்லத்தான் போனேன். நெஞ்சில் கட்டோடு படுத்திருந்தவரைப் பார்த்ததும் பாதிக் கோபம் போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டு கேட்டேன். "சாவிய எங்கிட்ட குடுத்துட்டு பூட்ட நீங்க எடுத்துகினு வந்துட்டீங்க. இது நியாயமா முதலாளி?" "கண்ண மூடினா தறிதான் வருது எஸ்தரம்மா. ஒவ்வொரு வீட்லயும் தப்பா ஓடற மாதிரியே இருக்குது. பேஜாரா போச்சு" என்றார். பாவமாக இருந்தது. ஆனாலும் சொன்னேன்: "ஓடாமலே நிக்கறதுக்கு தப்பா ஓடறது மேல்." நர்ஸிடம் கேட்டு, என் முன்னாலேயே கடைக்குப் போன் போட்டார். "எனக்கு இனிமே எவன் போன் பண்ணினாலும் அவனுக்குப் பாவு கிடையாது" என்று கத்தினார். நர்ஸ் ஓடி வந்து போனைப் பிடுங்கினாள்.

தறிகள் ஓடின. அவரும் தேறித் திரும்பினார். டாக்டர் நடக்கச் சொன்னார் என்று காலையில் நெசவாளர் தெருக்களிலேயே நடப்பார். மறுபடியும் தறி பார்க்க ஆரம்பித்துவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும். ஆனால் எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார்.

நான் செய்த தப்பு அப்போதுதான் நடந்தது. சென்னைக் கடை ஒன்றிலிருந்து ஒரு கல்யாணப் பெண்ணுக்கான முகூர்த்தப் புடவை, மயில் கழுத்து நிறத்தில் கேட்டிருந்தார்கள். சரோஜாவின் தறியில் ஏற்றியிருந்தோம். நான் பார்க்கப் போன அன்று நல்ல மழை. ஒரு சாணை டியூப்லைட் வெளிச்சத்திலேயே பார்த்துவிட்டு "ஓட்டுங்க" என்றேன். ஆரணியில் யாரும் அப்படிப் பார்க்க மாட்டார்கள். மழையானால் விடிந்து வெயில் வரட்டும் என்று காத்திருப்பார்கள். எனக்குத் தறி நிற்கக் கூடாது என்ற அவசரம். இரண்டு தடவையாகச் சாயம் போட்ட, குறுக்கே ஓடும் ஊடை நூல் கலந்துபோயிருந்தது. புடவையைத் தறியிலிருந்து அறுத்துக் கொண்டுவந்த அன்று கடை வாசலில் விரித்தால், பட்டை பட்டையாக இரண்டு நீலம்.

நான் அவரிடம் போய் நின்றேன். சென்னைக்கு என்னோடு வரச் சொல்லிக் கெஞ்சினேன். "நீங்க பாத்த தறி, நீங்களே போய்ப் பேசிட்டு வாங்க" என்றார். குரலில் கோபம் இல்லை. நான் போனேன். கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். கல்யாணத்துக்கு மூன்று வாரம் இருந்ததால் பதினெட்டு நாள் அவகாசம் கிடைத்தது. சரோஜாவும் கணவனும் விடாமல் நெய்தார்கள். நான் தினமும் வெயில் ஏறிய பிறகு போய்ப் பார்த்தேன். புடவை நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாழான புடவைக்கும் அவர் சரோஜாவுக்கு முழுக் கூலி கொடுக்கச் சொன்னார்.

அதற்குப் பிறகுதான் சரோஜா சொன்னாள். நான் பார்த்துவிட்டு வந்த மறுநாள், நல்ல வெயிலில், அவர் அவள் வீட்டு வழியாக நடந்திருக்கிறார். வாசலில் நின்று தறியைப் பார்த்தாராம். "அந்தம்மா பாத்தாங்களா?" என்று கேட்டாராம். பார்த்தார்கள் என்றதும், "அப்ப ஓட்டு" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நேராகப் போய்க் கேட்டேன். "தெரிஞ்சும் ஏன் சொல்லல? ஒரு மொழத்துல நின்னிருக்குமே!" அவர் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. "சொல்லியிருந்தா நாளைலேந்து சரோஜா மறுபடியும் எனக்குத்தான் காத்துகினு இருந்திருப்பா. ஒரு பொடவ போனா போவட்டும்." சொல்லிவிட்டுப் பேப்பரைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்துவிட்டார். இந்த மனிதர் எவ்வளவு சுலபமாக மாறிவிட்டார் என்று எனக்குக் கொஞ்சம் எரிச்சல்கூட வந்தது.

பிறகு தறிகள் இருநூறாயின. வண்ணம் பார்க்க ஒருவர், ஜரிகைக்கு ஒருவர், கடைகளோடு பேச ஒருவர் என்று ஆட்கள் வந்தார்கள். நானும் ஒவ்வொரு வேலையாகக் கையிலிருந்து விடப் பழகினேன். ஒவ்வொரு தடவையும் அவரை நினைத்து, அவருக்கு முடிந்தது எனக்கு ஏன் இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது என்று வெட்கப்பட்டிருக்கிறேன்.

காரியம் முடிந்த அன்று அவர் மனைவி விஜயா அக்காவோடு உட்கார்ந்திருந்தேன். பேச்சுவாக்கில் அந்த மயில் கழுத்துப் புடவையின் கதையைச் சொன்னேன். அக்கா என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "உனக்குத் தெரியாதா? அன்னைக்கு நடந்துட்டு வந்தவரு மூணு நாளு சோறே துன்னல. செருப்பப் போடுவாரு, தெருமுனை வரைக்கும் போவாரு, திரும்பி வந்துடுவாரு. இன்னாய்யா உனக்குன்னு கேட்டா, சொல்லிடுவேன்போல இருக்குது விஜயா, என்னப் புடிச்சி உள்ள உக்கார வையின்னாரு. நான்தான் கதவச் சாத்தி தாப்பா போட்டேன்."

எனக்கு அழுகை அப்போதுதான் வந்தது. அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது அவர் கொடுத்த பொறுப்பையோ, அவர் சொன்ன வார்த்தையையோ மட்டும் இல்லை. எனக்காக அவர் பட்டினி கிடந்த அந்த மூன்று நாட்களை வைத்துக்கொள்கிறேன். அவருக்கும் சுலபமாக இருக்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடமாகிவிட்டது. நன்றி சொல்ல அவர் இல்லை.