அக்கா காலியாக விடச் சொன்ன வரி

அக்காவின் இந்த நினைவு மலரில் முதலில் என் முட்டாள்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் சொந்தக்காரர்கள் நீங்கள் காப்பி குடிக்கும்போது எப்படியும் சொல்லத்தான் போகிறீர்கள். கம்ப்யூட்டர் வேலை கிடைத்து ஹைதராபாத்துக்கு வந்த புதிதில், லோத்குண்டாவில் அக்கா வீட்டில் நடந்த ஞாயிறு வகுப்புக்கு ஒரே ஒரு நாள் நான் வாத்தியாராக இருந்தேன். பிள்ளைகள் கையில் பைபிளிலுள்ள சங்கீதம் ஒன்றைக் கொடுத்து எதுகை மோனையைத் தேடச் சொன்னேன். பாவம், வெகுநேரம் தேடினார்கள். கிடைக்கவில்லை. அச்சுப்பிழையாக இருக்கும் என்று சமாளித்தேன்.

அடுப்படியிலிருந்து அக்கா எட்டிப் பார்த்தார்கள். "ஏல, அங்க சத்தம் திரும்பி வராது. சொன்ன சேதிதான் வேற சொல்லுல திரும்பி வரும்." அன்றோடு பாய் விரிக்கும் பதவி எனக்கு நிரந்தரமானது.

அக்கா பாளையங்கோட்டையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த மகளாகப் பிறந்தவர்கள். அத்தானுக்கு மத்திய அரசு நிறுவனத்தில் வேலை என்பதால் மணமானதும் இங்கே வந்துவிட்டார்கள். இங்குள்ள நம் பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்வதைப் பார்த்து மற்றவர்கள் தலையில் அடித்துக்கொண்டபோது, அக்கா அதையே பாடமாக்கினார்கள். சங்கீதத்தில் ஒரு வரி சொன்னதை அடுத்த வரி வேறு விதமாகச் சொல்கிறதல்லவா? அதேபோல ஒரு பிள்ளை எந்த மொழியிலும் ஒரு வரி சொல்லலாம். பக்கத்துப் பிள்ளை தமிழில் பதில் வரி சொல்ல வேண்டும். "நீள்ளு ராலேது" என்று ஒருவன் தண்ணீர் வராததைத் தெலுங்கில் சொல்ல, "எங்கள் குடங்கள் வாய் திறந்து உட்கார்ந்திருக்கின்றன" என்றாள் ஒரு சிறுமி. எனக்குச் சம்பளம் வாங்கித் தரும் மூளைக்கு இன்றுவரை அப்படி ஒன்று தோன்றியதில்லை.

பிள்ளைகள் சொந்தமாகச் சங்கீதம் எழுதும்போது முதலில் முறையீடு, கடைசி வரியில் நன்றி. நன்றி நிஜமாக வரும்வரை அந்த வரியைக் காலியாக விட வேண்டும். இதில் அக்கா ரொம்பக் கண்டிப்பு.

அக்காவுக்குப் புற்றுநோய் என்று தெரிந்த வருடம், அவர்கள் மகள் ஜெனி எழுதிய சங்கீதம் முழுக்க முறையீடு. ஆஸ்பத்திரி வாடை, உதிர்ந்த முடி, ஆறுதல் சொல்ல வந்து டிபன் கேட்கும் மாமா. கடைசி வரி காலி. நான் விடுவேனா? 'வேதனையும் சாதனையாய் விளங்குதையா' என்று எதுகையோடு நிரப்பி வைத்தேன்.

அக்கா வாசித்த மாத்திரத்தில் அடித்துவிட்டார்கள். வரியைத்தான்.

"இது அவ எழுதுனதில்ல, நீ எழுதுனது. பொய்யில முடிக்கதுக்குப் பதிலா முடியாமலே கெடக்கட்டும்." கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நான் போறதுக்குள்ள அவளா எழுதிட்டா நிம்மதியா இருக்கும்ல. இல்லன்னா புள்ள அந்த முறையீட்டுலயே நின்னுரும்" என்றார்கள்.

கடைசி வாரங்களில் அக்காவுக்கு எதுவும் இறங்கவில்லை. ஒரு மாலை அத்தான் மருந்து வாங்கப் போயிருக்க, நான் கஞ்சி காய்ச்சினேன். ஜெனி ஊட்டினாள். கிண்ணம் காலியானது. அதையே பார்த்துக்கொண்டிருந்தவள், வகுப்பில் வரி சொல்லும் குரலில், தமிழிலேயே சொன்னாள்: "இன்று அம்மா கஞ்சி முழுவதும் குடித்தாள்."

அக்கா கண்ணைத் திறக்காமலே பதில் வரி சொன்னார்கள்: "உப்பே இல்லாமல் குடித்தாள்."

இருவரும் சிரித்த சிரிப்பில் கட்டில் ஆடியது. நான் கிண்ணத்தை வழித்துப் பார்த்தேன். உண்மைதான். ஜெனி உள்ளே போய் அந்தக் காலி இடத்தில் இரண்டு வரியையும் எழுதிக் கொண்டுவந்து காட்டினாள். அதன்பின் அக்கா அவளைப் பற்றி என்னிடம் கவலைப்படவே இல்லை. சில நாளில் தூக்கத்திலேயே, வலியின்றிக் கர்த்தரிடம் போய்ச் சேர்ந்தார்கள். நாங்கள் அழுதோம். ஆனால் எனக்கு முதலில் வந்தது அழுகை அல்ல, நிம்மதிப் பெருமூச்சு.

முறை வைத்து உடனிருந்த சபையாருக்கும், போவன்பள்ளி சந்தையிலிருந்து கீரையும் காயும் கொண்டுவந்து கொடுத்த அத்தானின் நண்பர்களுக்கும், ஞாயிறு வகுப்பை நிறுத்தாமல் நடத்தும் ஜெனிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அச்சுக்குக் கொடுக்குமுன், கஞ்சி காய்ச்சியவனுக்கும் ஒரு வரி சேர்க்கலாமா என்று ஜெனியிடம் கேட்டேன்.

"நக்கோ, வேண்டாம் மாமா, மொதல்ல உப்பு போடுங்க."