ஆறாவது நடை

லைல் பிராண்ட்வோல்டுக்கு வாய் ஓயாது. பேஸ்பால் மைதானத்தில் பதினோரு வருடம் அவன் முதுகுக்குப் பின்னால் அம்பயராக நின்ற பாவி நான், எனக்குத் தெரியாதா? கேட்சர் என்று பெயர். பந்தைப் பிடித்ததைவிடப் பேச்சுக் கொடுத்ததே அதிகம். கெளுத்தி மீன் வறுவல், மாமியார் வீட்டு நாய், என் தொப்பை, எதையும் விட்டுவைத்ததில்லை.

அந்த வாய்க்குத்தான் லீக் பூட்டுப் போட்டது. பந்து வீசும் பிட்சர் நிற்கும் மேட்டுக்கு நடந்துபோய்ப் பேச ஓர் ஆட்டத்தில் ஐந்து முறைதான் அனுமதி. ஆறாவது கிடையாது. ஆட்டம் இழுத்துக்கொண்டே போகிறதாம். எண்ணுவது என் வேலை. எழும்போதெல்லாம் லைல் கேட்பான்: “இன்னும் எத்தனை இருக்கு, ஹெர்ப்?”

“ரெண்டு. எண்ணத் தெரியாதா உனக்கு?”

செப்டம்பரில் கடைசி ஆட்டம். மேட்டில் லைல் அணியின் பிட்சர் டெரல் ஸ்டோக்ஸ். போன வருடம் அவன் வீசிய பந்து எதிரணிக்காரன் ஒருவனின் கண்ணைப் பறித்துவிட்டது. அதிலிருந்து மேட்டில் ஏறினாலே டெரலுக்குப் பதற்றம். லைல் போய் நாலு வார்த்தை பேசினால்தான் அடங்கும். இன்றைக்கும் ஆட்டத்தை முடிக்க முடியாவிட்டால் வீட்டுக்குப் போய்விடலாம் என்று மேனேஜர் காலையிலேயே டெரலிடம் சொல்லிவிட்டார். வேறு தொழில் தெரியாதவன்.

கடைசிச் சுற்று. லைல் அணிக்கு ஒரே ஒரு ரன் முன்னிலை. இன்னும் ஒருவனை அவுட்டாக்கினால் போதும். மூன்றாம் தளத்தில் எதிராளி ஒருவன் ஓடிவந்து சமன் செய்யத் தயாராக நின்றான். டெரலின் பந்துகளோ ஒன்று தரையில், ஒன்று தலைக்கு மேலே. நடுவில் எப்படியோ ஒரு ஸ்ட்ரைக்; மூன்று சேர்ந்தால் மட்டைக்காரன் அவுட்.

“எத்தனை, ஹெர்ப்?”

“ஒண்ணுமில்ல. அஞ்சும் போச்சு.”

“அவன் மூச்சே விடலய்யா. பாரு.”

“பாத்துட்டுதான் இருக்கேன். உக்காரு.”

ஒரே ஒரு விலக்கு உண்டு: கேட்சர் கேட்டது ஒரு பந்து, வந்தது வேறு பந்து என்று சைகை குழம்பினால், அம்பயர் மனது வைத்து ஒரு முறை அனுப்பலாம்.

டெரல் வீசினான். நேரான, வேகமான பந்து. கடைசி நொடியில் லைலின் கையுறை விலகியது. பந்து அவன் வெறும் கையில் பட்டு, நெஞ்சில் மோதி, காலடியில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. “ஸ்ட்ரைக் டூ” என்றேன். மேட்டில் டெரல் தலையைப் பிடித்துக்கொண்டான்.

“சைகை மாறிப்போச்சு, ஹெர்ப். நான் கேட்டது வளையற பந்து.” லைல் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். அடிபட்டது தெரிந்தால் வெளியே அனுப்பிவிடுவார்கள்.

“போ. சுருக்கமா.”

பேச்சை முடித்துவைக்க நானும் பின்னாலேயே போனேன். டெரல் அழுதுகொண்டிருந்தான்.

“மறுபடியும் அடிச்சுட்டேன். என்னால முடியாது லைல். நான் போறேன்.”

“அடேய், வாய மூடு. நான் கேட்ட எடத்துக்கே வந்துச்சு உன் பந்து. ஒரு அங்குலம் பிசகல. கையுறைய நகத்தினது நான். உங்கிட்ட பேச எனக்கு வேற வழி இல்ல.”

அப்புறம்தான் நான் நிற்பதைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லை.

எதிரணி மேனேஜர் மைதானத்து ஓரத்திலிருந்து கத்திக்கொண்டிருந்தார். முப்பது வருடத்தில் நான் ஒரு விதியையும் வளைத்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் திமிரே உண்டு. இவனை அப்போதே வெளியே அனுப்பியிருக்க வேண்டும்.

“பேசியாச்சா? எனக்குக் காது கொஞ்சம் மந்தம்” என்றேன்.

லைல் திரும்பி வந்து குந்தினான். அடுத்த பந்து கையுறையின் நடுவில் வந்து விழுந்தது. மட்டைக்காரன் காற்றைத்தான் அடித்தான். ஆட்டம் முடிந்தது.

டெரல் பிழைத்தான். லைலின் கட்டைவிரல் நொறுங்கிப்போயிருந்தது. முப்பத்தைந்து வயது கேட்சருக்கு ஆட்டம் அதோடு சரி; அவனுக்கும் அது தெரியும். பனிக்கட்டி வைத்த துணியைக் கையில் சுற்றிக்கொண்டு காரில் ஏறப்போனவன் என்னைப் பார்த்து நின்றான்.

“இன்னும் எத்தனை இருக்கு, ஹெர்ப்?”

தொப்பியைக் கழற்றினேன்.

“ஒண்ணு இருக்கு. பத்திரமா வச்சுக்க.”

அன்று நான் சொன்ன இரண்டாவது பொய் அது.