பிள்ளைப்பாக்கத்தில் ஒரு பிரெஞ்சுத் தகராறு

போன சனிக்கிழமை ஒரு நல்ல வியாபாரத்தைக் கெடுத்தேன். வாய் சும்மா இருந்தால்தானே?

முருகேசன் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர். பிள்ளைப்பாக்கத்தில் சின்னதாக ஒர்க்‌ஷாப். சேரப்பணஞ்சேரிக்கு ஒரு கல்யாணத்துக்குப் போன நான், அப்படியே அவரையும் எட்டிப் பார்த்தேன். வாசலில் ஒரு குட்டியானை வண்டி லோடுக்குக் காத்திருந்தது. உள்ளே முருகேசனும் மனைவி ரேவதியும் ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்கள். ரேவதி வெறும் வீட்டுக்காரி இல்லை, தொழிலில் பார்ட்னர்.

இருவருக்கும் நடுவில் ஒரு ஃபிக்ஸ்சர். உதிரிபாகத்தில் துளை போடும்போது அது ஆடாமல் பிடித்துக்கொள்கிற இரும்புச் சட்டம். இத்தனை வருஷம் கார் கம்பெனிகளுக்கே செய்தவர்கள், விமான உதிரிபாகத்துக்கென்று செய்த முதல் வேலை இது. ஆர்டர் கொடுத்தவர் புதிதாகத் தொழில் தொடங்கிய ஒரு இன்ஜினீயர். அடுத்த வாரம், அடுத்த வாரம் என்று எடுக்காமல் இழுத்தடிக்கிறார். அதற்குள் ஒரகடத்திலிருந்து வேறொரு கம்பெனி மேனேஜர் இதைப் பார்த்துவிட்டு, வண்டியோடு வந்து வாசலில் நிற்கிறார். இதைக் கொடுத்தால் தொடர்ந்து ஆர்டர் தருவாராம். கார் வேலை குறைந்து ஒரு ஷிஃப்ட்டையே நிறுத்தி வைத்திருக்கிற நேரத்தில் யாருக்குத்தான் ஆசை வராது?

“நீங்களே சொல்லுங்க சார். இரும்பு என்னுது, கரண்ட்டு என்னுது. அவரு வந்து எட்த்துக்கினு போவல. நான் இன்னா, காவல் காத்துக்கினே இருக்கணுமா?” என்றார் முருகேசன்.

“யோசனை அவருதுங்க” என்றார் ரேவதி.

இங்கேதான் நான் மூக்கை நுழைத்து ஒரு பழைய கதையை எடுத்துவிட்டேன்.

விமானம் பிறந்த புதிதில் பாரீஸ் ஓரத்தில் ஒரு ஷெட். அதில் அண்ணன் தம்பி இரண்டு பேர். (பெயர் வேண்டாம், நமக்கு நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.) பெட்டி பெட்டியாகக் கட்டிய பட்டம் போன்ற விமானங்களை ஆர்டருக்குச் செய்து விற்றார்கள். நம் முருகேசன் மாதிரிதான். அவர்களிடம் ஒரு பழக்கம் - வாங்கியவர் பெயரை வாலில் கொட்டை எழுத்தில் எழுதுவார்கள். தங்கள் பெயரைச் சின்னதாக. ஒரு சைக்கிள் பந்தய வீரர் வாங்கினார். தானே அங்கங்கே திருத்தினார். பறந்தார், பரிசும் ஜெயித்தார். ஊரே அவரைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆடியது. செய்த கைகளை யார் கேட்டார்கள்?

அந்த வீரர் தன் யோசனைகளைச் சொல்லி இன்னொரு விமானத்துக்கு ஆர்டர் கொடுத்தார். தயாரானது. சகோதரர்கள் அதைத் தூக்கி ஓர் இங்கிலாந்துக்காரருக்கு விற்றுவிட்டார்கள்! வீரருக்கு வந்ததே கோபம்... தானே ஒரு ஃபாக்டரி போட்டார். நேற்றைய கஸ்டமர் இன்றைய போட்டியாளர். மூத்தவர் பின்னால் விமானத்தையே விட்டுவிட்டு கார் செய்யப் போனார். நம்மவர்கள் காரிலிருந்து விமானத்துக்கு வர முட்டி மோதுகிறார்கள், அவர் எதிர்த்திசையில் போனார்.

“வித்தது தப்புன்றீங்களா?” முருகேசன் என்னை முறைத்தார்.

“விக்கறது அப்பறம். அவரைக் கேட்டியாய்யா ஒரு வார்த்தை?” என்ற ரேவதி, இன்ஜினீயருக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார்.

அந்தப் பக்கம் இன்ஜினீயர் உடனே இறங்கி வந்தார். “என்னால லேட்டு, ஒத்துக்குறேன் மேடம். சட்டத்தைக் குடுத்துடுங்க. ஆனா அதுல பாகத்தைக் கவ்விப் பிடிக்கிற அந்த கிளாம்ப் மட்டும் வேணாம். மண்டையை உடைச்சுக்கிட்டு நான் கண்டுபிடிச்சது அது.”

முருகேசன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு உற்சாகமாகப் போய் கிளாம்ப்பைக் கழற்றினார். மேனேஜர் உள்ளே வந்தார். பார்த்தார்.

“அது இல்லாம இத வச்சு நான் இன்னா பண்றது? சட்டம் எங்ககிட்டயே கீதே!”

குட்டியானை காலியாகக் கிளம்பியது. முருகேசன் அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். மேனேஜர் கேட்டது இவர் இரும்பை அல்ல, அந்த இன்ஜினீயர் மூளையை என்று அப்போதுதான் அவருக்கு உறைத்தது. எனக்கும்தான். ஆனாலும் கோபம் என் மேல்.

“நல்லா வந்தீங்க சார் கதை சொல்ல!”

சொல்லாமல் கொள்ளாமல் நழுவினேன். வழியெல்லாம் மனசு கேட்கவில்லை. அந்த நிறுத்திய ஷிஃப்ட்டில் வேலை பார்த்த பையன்கள் வாடகைக்கு என்ன செய்வார்கள்?

நேற்று முருகேசன் போன் செய்தார். திங்கட்கிழமை இன்ஜினீயர் வந்து ஃபிக்ஸ்சரை எடுத்துப் போய்விட்டாராம். மறுநாள் வாசலில் மறுபடி அந்த ஒரகடம் மேனேஜர்! கையில் சுருட்டிய டிராயிங்.

“இது எங்க சொந்த டிசைனுங்க. வேற யாராண்டயும் குடுக்க பயமா கீது. அவரு சமாச்சாரத்த எனக்கே தராதவங்க, எங்களுத யாருக்குத் தரப் போறீங்க?”

நிறுத்திய ஷிஃப்ட் வரும் வாரம் ஓடப்போகிறது. கேட்டதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. உடனே பிள்ளைப்பாக்கத்துக்குக் கிளம்பிவிட்டேன். நான் கெடுத்த வியாபாரம் இல்லையா?

ஒர்க்‌ஷாப் மூலையில் ஏதோ ஒன்று தார்ப்பாயால் மூடிக் கிடந்தது. ஆசையாக நுனியைப் பிடித்தேன். முருகேசன் பாய்ந்து வந்து என் கையைத் தட்டிவிட்டார்.

“கோச்சுக்காத சார். நீ பேப்பர்ல எழுதற ஆளு!”